ஒரே ஒரு எதிர் ஓட்டு

கும்மிடிப்பூண்டி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சியின் ஐந்து நிர்வாகிகளும் ரகசிய ஓட்டுப் போட்டார்கள். இளைஞரணிச் செயலாளர் ஆகாஷுக்கு நான்கு ஓட்டு. இருபது வருடமாக உருக்காலை வாசலில் தொழிலாளர்களுக்காகக் கொடி பிடிக்கும் தொண்டர் பென்னிக்கு ஒன்று.

தலைவர் ஏகாம்பரத்துக்கு வியர்த்துவிட்டது. தீர்மான நோட்டில் ‘ஏகமனதாக’ என்று நேற்றே எழுதி வைத்தாயிற்று.

கதவைச் சாத்தச் சொன்னார். “யாரு அந்தத் துரோகி?”

“எம் பொண்ணு மேல சத்தியமா நான் இல்ல தலைவரே” என்றார் பொருளாளர் தயாளன்.

“என்னை இன்னாத்துக்கு மொறைக்கிறீங்க? நீங்க சொன்ன பேருக்குத்தான் குத்துனேன்” என்றார் மகளிரணிச் செயலாளர் புவனேஸ்வரி.

மாணவரணி ஹேமாவதி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

ஆகாஷ் எழுந்தான். “நான்தான் போட்டேன் நைனா. இந்தத் தொகுதியில எனக்கு ஒரு தெருகூடத் தெரியாது. பென்னி அண்ணன் நின்னா ஜெயிப்பாரு. அம்மா, மாமா, அக்கா எல்லாரையும் ஏன் பேஜாரு பண்ணிக்கினு கீறே?”

ஏகாம்பரம் மகனையே வெறித்துப் பார்த்தார். பிறகு நெஞ்சைத் தடவியபடி நாற்காலியில் சாய்ந்தார்.

“அட, நீதானாடா? வெளியாளு எவனோ கட்சிக்குள்ள பூந்துட்டான்னு பயந்தே பூட்டேன்!”