தனியாக ஓடாத பகுதி

பெரிய மென்பொருளைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் எழுதியவர் பெயரோடு தனித்தனியாக வெளியிடுவதென்று முடிவானது. அச்சுப் பகுதி ஞானசெல்வத்தினுடையது என்றுதான் அலுவலகமே சொல்லிவந்தது. எல்லோர் முன்னாலும் அவர் அதைத் தனியே ஓட்டினார். வெறும் வெள்ளைத் திரை வந்தது. ஓர் எழுத்துகூட விழவில்லை. அவர் வேலைக்குச் சேர்த்துவிட்ட ரெஜினாவின் பகுதிதான் இத்தனை காலமும் உள்ளிருந்து எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தது. அது அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

“என்ன செல்வம், இன்னைக்கு மௌன விரதமா?” என்றார் மேலாளர்.

“என் பக்கம்தான் கோளாறு சார்,” என்றாள் ரெஜினா. “என்னோடதை அண்ணனோடதுக்குள்ளேயே சேத்துடறேன். அவர் பேர்லயே போகட்டும்.”

பகுதிகளையும் எழுதியவர்களையும் பட்டியலிட்டிருந்த வெள்ளைப் பலகையில் மேலாளர் அவள் பெயரை விரலால் தேய்த்தார். சரியாக அழியவில்லை. ஞானசெல்வம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலை நிமிராமல், தன் கைக்குட்டையை எடுத்து மேலாளரிடம் நீட்டினார்.