வேப்பமரத்தடிக் கல்

“இளஞ்செழியன் சார் சாமி கும்பிடுறாருங்க. என் கண்ணால பார்த்தேன்.”

டீக்கடை ஜெக்கரியா சொன்னதும் தமிழரசனுக்குப் புரையேறியது.

“யாரு, நம்ம செயலாளரா? வாய்க்கு வந்ததைப் பேசாதய்யா.”

“குடமுருட்டிக் கரையில, வேப்பமரத்தடியில ஒரு குட்டிச் சாமி இருக்குல்ல? போன வெள்ளிக்கிழமையும் பார்த்தேன், அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் பார்த்தேன். செருப்பைக் கழட்டிட்டு, கல்லுக்கு எண்ணெய் தடவி, விளக்குப் போடுறாரு.”

தமிழரசனால் நம்ப முடியவில்லை. திருக்காட்டுப்பள்ளிப் பகுத்தறிவு மன்றத்தை இருபது வருஷமாகத் தோளில் சுமப்பவர் இளஞ்செழியன். தாலி கட்டாமல் கல்யாணம் செய்துகொண்டவர். அவருடைய உரக்கடையில் ஒரு சாமி படம் கிடையாது.

அவருக்கு இருக்கிற ஒரே பைத்தியம், ஆதிமனிதன் செதுக்கிய கற்கள். இந்த வண்டல் பூமியில் கல்லுக்கு எங்கே போவது? ரோடு போட வல்லம் பக்கமிருந்து சரளை லாரி வந்துவிட்டால் போதும், கடையைப் பூட்டிவிட்டு ஓடுவார். கொட்டின குவியலில் மணிக்கணக்காகக் குந்தியிருந்து கற்கத்திகளைப் பொறுக்குவார். வீட்டு அலமாரியில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே கிடைத்த இடம், தேதி. விரல் நீளக் கத்தியொன்றை வெளிச்சத்தில் பிடித்து, “இன்னிக்கும் தக்காளி நறுக்கும்யா” என்பார், தானே செய்த மாதிரி. தஞ்சாவூரிலிருந்து பேராசிரியர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த மனிதர் கல்லைக் கும்பிடுவதா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், செல்போனில் வீடியோவைத் தயாராக வைத்துக்கொண்டு மூங்கில் புதருக்குப் பின்னால் நின்றார் தமிழரசன். ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டத்தில் போட்டுக் காட்டி, செயலாளர் பதவியைப் பிடுங்கிவிடுவது என்று முடிவு.

இளஞ்செழியன் வந்தார். செருப்பைக் கழற்றினார். மரத்தடியில் இருந்த கருங்கல்லைத் தூக்கிப்போய் ஆற்றுத் தண்ணீரில் கழுவினார். திரும்ப வைத்து எண்ணெய் தடவினார். குங்குமம் வைத்தார். அகலை ஏற்றினார்.

“நல்லாயிருக்குய்யா!” தமிழரசன் வெளியே வந்தார். “மேடையில ஒண்ணு, மரத்தடியில ஒண்ணா?”

இளஞ்செழியன் பதறவில்லை. “வா தமிழு. இந்தக் கல்லைக் கொஞ்சம் கையில வாங்கிப் பாரு.”

“நான் எதுக்குய்யா சாமியைத் தொடணும்?”

“தொட்டுத்தான் பாரேன்.”

தமிழரசன் வேண்டாவெறுப்பாக வாங்கினார். உள்ளங்கைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. மேலெல்லாம் மழமழவென்று இருந்தது. ஒரு முனையில் மட்டும் விரலை அறுத்துவிடும்போல் கூர்.

“என்னய்யா இது?”

“கல்கோடாரி. நாலாயிரம் வருஷமாவது இருக்கும். எங்கிட்ட இருக்கிறதெல்லாம் தட்டிச் செதுக்கினது. இப்படித் தேய்ச்சு மெருகேத்தினது ஒண்ணுகூட எனக்கு அகப்படலை. எத்தனை வருஷமாத் தேடுறேன் தெரியுமா?”

“அப்புறம் எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?”

“அம்சம் அக்காகிட்ட கேட்டேன்யா.”

அம்சத்தைத் தமிழரசனுக்கும் தெரியும். நடவு வேலைக்குப் போகிறவள், ஒண்டிக்கட்டை. அவளுடைய ஏழு வயசு மகளை இந்த ஆறு கொண்டுபோனது ஊருக்கே தெரியும். எட்டு மாசமாகக் குவைத்தில் வீட்டு வேலை.

“பிள்ளையைத் தூக்கின இடத்துல அந்தக்கா கால்ல தட்டுப்பட்ட கல்லு இது. ‘எம்புள்ளைக்குப் பதிலா ஆறு எனக்குக் குடுத்தது தம்பி, இதுதான் எம்புள்ள’ன்னுச்சு. அதுக்கு மேல நான் வாயைத் திறக்கலை. குவைத்துக்குக் கிளம்புறப்போ கடைக்கு வந்துச்சு. ‘எம்புள்ளைய ஆசையாப் பார்த்தவரு நீங்க ஒருத்தர்தான். வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு மட்டும் போடுறீங்களா’ன்னு கேட்டுச்சு. எப்படிய்யா மாட்டேங்கிறது?”

தமிழரசன் கல்லைத் திரும்ப மரத்தடியில் வைத்தார். அவரை அறியாமல் இரண்டு கையாலும் வைத்தார்.

“எட்டு மாசமா இது உன் கைக்குள்ளயே இருந்திருக்கு. வேற ஒரு கல்லை வெச்சுட்டு இதைத் தூக்கியிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

இளஞ்செழியன் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது.

“சொல்லுங்கக்கா… குளிப்பாட்டியாச்சு. பொட்டு வெச்சாச்சு. விளக்கு நின்னு எரியுது. காத்தே இல்லை… நீங்க அழாம வேலையைப் பாருங்க.”

போனை வைத்துவிட்டு இளஞ்செழியன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தமிழரசன் தன் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். இருந்தாலும் மனசு ஆறவில்லை.

“ஏன்யா, அந்தம்மா என்ன அங்கேயிருந்து பார்க்கவா போகுது? கடையில உட்கார்ந்துக்கிட்டே, போட்டாச்சுக்கான்னு வாயால சொன்னாப் போதாதா? அந்தம்மா மனசும் குளிரும், நம்ம கொள்கையும் நிக்கும்.”

இளஞ்செழியன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“இல்லாததை இருக்குன்னு சொல்லக் கூடாதுங்கிறதுதானேய்யா நம்ம கொள்கையே!”