பதினொன்று புள்ளி இரண்டு

டமடமவென்று தகரக் கேட் அதிர்ந்தது.

“யாரு?” வீட்டுக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார் பரமேஸ்வரன். மூன்று வாரமாகக் கிள்ளான் பண்டமாரானில் போலீஸ் வீடு வீடாக ஏறி இறங்குகிறது. கடத்தல் துப்பாக்கி தேடுகிறார்கள் என்று பேச்சு. அவரிடம் இருப்பது கடத்தல் சரக்கு இல்லைதான். ஆனால் லைசென்ஸும் இல்லை. அகப்பட்டால் மீதி ஆயுள் சிறையில்தான்.

“அண்ணே, நான் லோகேஸ்வரி. கடைக்கார விஜயன் அனுப்பினாரு.”

வாங்க ஆள் வருகிறது என்று விஜயன் காலையிலேயே போனில் சொல்லியிருந்தான். பெண் என்று சொல்லவில்லை.

நாற்பது வயதிருக்கும். கழுத்து வெறுமையாக இருந்தது. வழிப்பறிக்குப் பயந்து நகையைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருப்பாள்.

“பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?”

“ஹூலு லங்காட்ல டுரியான் தோட்டம் இருக்கு. அணில் ஒரு பழத்தையும் விடமாட்டேங்குது லா. அணிலுக்கு முப்பத்திரெண்டு காலிபர் போதும்னு படிச்சேன். அதான் வேணும்.”

பரமேஸ்வரன் கட்டில் பக்கம் பார்த்தார். அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று, நாற்பத்தைந்து. குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி; பட்டறையில் கடைசல் வேலை பார்த்த காலத்தில் தானே செய்தது. இவளும் வேண்டாம் என்று போய்விட்டால்?

கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்துப் பிரித்தார்.

“முப்பத்திரெண்டு பட்டாணி மாதிரிம்மா. காத்தடிச்சா திசை மாறிடும். முப்பத்தாறு பரவாயில்ல. ஆனா நாப்பத்தஞ்சு இருக்கே, அதான் ராஜா.”

“அணில் சிதறிடாதா?”

“சிதறினா என்ன, நீங்க அணில் பெரட்டலா வைக்கப் போறீங்க?” என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

“துடிக்குமா அண்ணே?”

“எது?”

“அடிபட்டது. ரொம்ப நேரம் துடிக்குமா?”

இளகிய மனசு போலிருக்கிறது. இங்கேதான் வியாபாரம் நழுவும் என்று அவருக்குப் பட்டது.

“சின்ன குண்டுன்னாதான் துடிக்கும். இதுல பொட்டுனு போயிரும். வலி தெரியறதுக்குள்ள உயிர் இருக்காது.”

லோகேஸ்வரி கண்ணை மூடி மூச்சை விட்டாள். “நெஜமாவா? நீங்களே பாத்திருக்கீங்களா?”

“பாக்காமயா? போன மாசம் கேரித் தீவுல, செம்பனைக் காட்டுக்குள்ள. பாரிட் வாய்க்கா தண்ணி ஓரமா ஆளு மறையற லாலாங் புல்லு அசைஞ்சுது. முசாங்! எங்க வீட்டுக் கோழியத் திங்குதே, அந்த மரநாய் சாதி. ஒரே வெடி. ஒரு முனகல் இல்லயே! அப்புறம் அந்தப் புல்லு அசையவே இல்ல.”

“போய்ப் பாக்கலையா?”

“மழை புடிச்சிருச்சு தங்கச்சி. இந்தக் கண்ணுல வேற புரை. அதான் வேட்டையே வேணாம்னு இதத் தள்ளிவிடறேன்.”

சாக்கில் கிடந்த ஈயக் குண்டு ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் உருட்டினாள். “இது தீர்ந்துட்டா எங்க வாங்கறது?”

“கடையில கிடைக்காது. அச்சு நானே கடைஞ்சது. குழலைவிட ஒரு இழை கம்மியா, பதினொன்னு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர். கிள்ளான் முழுக்கத் தேடினாலும் இந்த அளவு வேற எவன்கிட்டயும் இருக்காது. அச்சையும் சேத்தே தர்றேன், எடுத்துட்டுப் போங்க.”

“பதினொன்னு புள்ளி ரெண்டு,” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

வெளியே கார்க் கதவுகள் அடுத்தடுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பரமேஸ்வரன் அவசரமாகச் சாக்கைச் சுருட்டினார். “கூட யாரும்மா வந்திருக்காங்க?”

அவள் குண்டைக் கீழே வைக்கவில்லை.

“டாக்டர் ரிப்போர்ட்லயும் அதே அளவுதான் அண்ணே எழுதியிருக்கு. அன்னிக்கு அந்தப் புல்லுக்குள்ள தூண்டில் போட்டுட்டு உக்காந்திருந்தது என் வீட்டுக்காரரு... துடிச்சாரான்னு மட்டும் டாக்டரு, போலீஸு யாராலயும் சொல்ல முடியல.”