ஐந்தடி உயரத்தில் ஜன்னல்

அது காலையா மாலையா என்பது அவளுக்கு இப்போது சரியாக நினைவில்லை. மேஸ்திரி காலை என்கிறார். வெயில் மேற்கிலிருந்து வந்ததாக அவளுக்கு ஞாபகம்.

சிஸ்டர் வெறும் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தார் என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டையில்லை.

கடைசி நாட்களைப் படுக்கையிலேயே கழிப்பவர்களுக்கான இல்லம் அது. பன்னிரண்டு கட்டில்கள். வரைபடம் போட்டது அவள்தான், கூலி வாங்காமல். இருபது வருடமாக அப்படித்தான். வாரத்தில் ஐந்து நாள் வயிற்றுக்கு, சனிக்கிழமை ஊருக்கு.

இல்லத்தை நடத்தப்போகிற சிஸ்டர், கான்வென்ட் பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் பத்து வருடம் உட்கார்ந்தவள். அன்று அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேல், சிஸ்டருக்கு லூட்டி. மடத்தில் சேர்ந்து வெள்ளை அங்கி போட்ட பிறகும் அந்தப் பெயர் உதிரவில்லை.

திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. பூச்சு முடிந்து சுவர் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏய் ஸ்கேலு, இங்க பக்கத்துல வந்து படுடி."

"புடவை அழுக்காயிரும்."

"என்னோடது வெள்ளைடி."

படுத்தாள். தரையின் குளிர்ச்சி முதுகில் ஏறியது.

"என்ன தெரியுது?"

சுவர் தெரிந்தது. ஐந்தடி உயரத்தில் ஜன்னல் தொடங்கியது. அதில் ஒரு கீற்று வானம். வெளியே தெரு இருந்தது. தையல் கடையின் மிஷின் சத்தமும், பேருந்து நின்று கிளம்பும் சத்தமும் மட்டும் உள்ளே வந்தன.

"பத்து வருஷமா இதைத்தானே பாத்தோம்" என்றார் சிஸ்டர்.

பள்ளியில் ஜன்னல்கள் பிள்ளைகளின் தலைக்கு மேலேதான் தொடங்கும். தெருவைப் பார்த்தால் பாடத்தில் மனம் நிற்காதாம். லூட்டி எம்பிக் குதித்துப் பார்ப்பாள். பிடிபட்டு முட்டி போடுவாள். மறுநாளும் எம்புவாள்.

ஸ்கேல் ஒரு நாளும் எம்பியதில்லை.

அவள் கட்டிய நூலகம், மருந்தகம், தையல் பள்ளி எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் ஐந்தடி. யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கவுமில்லை. தொட்டில் பழக்கம் என்பார்கள். இது பெஞ்சுப் பழக்கம்.

"கட்டில் உயரம் இருக்கில்ல, கொஞ்சம் தெரியும்" என்றாள்.

சொல்லும்போதே பொய் என்று தெரிந்தது.

வாசலில் நின்ற மேஸ்திரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "கட்டினதும் நான், இடிக்கிறதும் நானா? நல்லாருக்கும்மா உங்க நியாயம்!"

சிஸ்டர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். லூட்டி இவ்வளவு நேரம் வாய் மூடி அவள் பார்த்ததே இல்லை.

அவள் எழுந்தாள். ஒரு செங்கல் துண்டை எடுத்து, ஈரம் காயாத பூச்சின் மேல் நீளமாக ஒரு கோடு கிழித்தாள். தரையிலிருந்து இரண்டடி.

பிறகு கை நீட்டினாள். அதைப் பிடித்து எழுந்திருக்க சிஸ்டருக்கு வெகுநேரம் பிடித்தது.

"போதும்டி நடிப்பு."

சிஸ்டர் சிரித்தார். "இந்த இடத்துல எத்தனாவது கட்டில் வரும்?"

"நாலாவது."

"ம்."

ஜன்னல்கள் இறங்கின. திறப்பு விழா இரண்டு வாரம் தள்ளிப்போனது.

மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டில் இருக்கிறார். ஸ்கேல் இன்னும் வரைகிறாள். ஜன்னல் வைப்பதற்கு முன் தரையில் ஒருமுறை படுத்துப் பார்க்கிறாள். அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். நூலகத்தின் ஜன்னல்கள் ஐந்தடியில்தான் இருக்கின்றன.

சிஸ்டரின் அங்கிப் பையில் அன்று மருத்துவ அறிக்கை இருந்தது. இல்லத்தில் முதலில் சேர்ந்தது அவர்தான். ஐந்து மாதம், நாலாவது கட்டிலில். தையல்காரர் காலையில் கடை திறந்ததும் அந்த ஜன்னலைப் பார்த்துக் கையசைப்பாராம்.

இப்போது அந்தக் கட்டிலில் வேறொருவர் இருக்கிறார்.