ரெண்டாவது கவர்

"நில்லுங்க! கையில எத்தனை கவர்?"

தேர்தல் அலுவலக வாசலில் இருந்த ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலி போட்டுக் காலையிலிருந்து காவல் இருந்தாள் லவீனா. இருக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. ஊரில் மதுக்கடை வரலாமா கூடாதா என்று ஓட்டெடுப்பு; வீட்டிலேயே ஓட்டுச் சீட்டைக் குறித்து, கவரில் ஒட்டிக் கொண்டுவந்து பெட்டியில் போடலாம். அவள் கோட்டில் 'வேண்டாம்' என்று சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வில்லை.

வந்தவர் ஹார்லன். எழுபது தாண்டியவர். அவர் தொப்பியில் 'வேணும்'. தொப்பி இல்லாவிட்டாலும் தொப்பை சொல்லியிருக்கும்.

"ரெண்டு. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு என் வீட்டுக்காரி ஆர்லீனோடது."

"அதானே பார்த்தேன்! அவங்கவங்க கவரை அவங்கவங்கதான் போடணும். பென்சில்வேனியா சட்டம்."

"ஏம்மா, ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில என் மச்சான் அடுத்தவங்க கவர் மூணைக் கொண்டுபோய்ப் போடுறான். ஒரு பய கேக்கல. ஒரு பாலம் தாண்டினா நியாயம் மாறிடுமா?"

"அப்ப பாலத்தைத் தாண்டிப் போய்க் குடியிருங்க!"

ஹார்லன் தன் கவரைப் பெட்டிக்குள் தள்ளினார். மற்றது கையிலேயே இருந்தது.

"அவளுக்கு இடுப்பெலும்பு மாத்தி ஆறு நாள்தான் ஆகுது. கட்டிலோட தூக்கிட்டு வரட்டுமா?"

"தாராளமா. எட்டு மணிக்குப் பெட்டியைப் பூட்டிடுவாங்க. அதுக்குள்ள வரலேன்னா ஒரு சாராய ஓட்டு குறைஞ்சுது!"

கூச்சல் கேட்டு அலுவலகப் பெண் வெளியே வந்தாள்.

"படுக்கையில இருக்கிறவங்களுக்குன்னு ஒரு படிவம் இருக்கு சார். நீங்களும் அவங்களும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தா, அவங்க கவரை நீங்களே போடலாம்."

ஹார்லன் லவீனா பக்கம் திரும்பினார். "இது உனக்குத் தெரியுமா?"

"நீங்க கேக்கலையே!"

மணி ஆறு நாற்பது. வீட்டுக்குப் போக அரை மணி, வர அரை மணி. மழை வேறு பிடித்துக்கொண்டது. படிவத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஹார்லன் வண்டிக்கு ஓடினார்.

"இந்த மழையில கிழவர் எங்க திரும்பி வரப்போறார்?" என்று பிளாஸ்கைத் திறந்தாள் லவீனா.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு வந்தார். நனைந்த கோழி மாதிரி.

அலுவலகப் பெண் படிவத்தை வாங்கினாள். கேட்காமலேயே லவீனாவும் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, கையெழுத்து இப்படிக் கோணுது?"

"படுத்துக்கிட்டுப் போட்டா நேராவா வரும்? நீ போட்டுக் காட்டு!"

அலுவலகப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். ரெண்டாவது கவரும் உள்ளே விழுந்தது.

"திருப்திதானே?" என்றாள் லவீனா. "ஒரு பாட்டிலுக்காக ஒரு மணி நேரம் மழையில பேயா அலைஞ்சாச்சு!"

"பாட்டிலா? ஆர்லீன் 'வேண்டாம்'னு போட்டிருக்கா. போட்டுட்டு, என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக் காட்டிச் சிரிக்கவும் சிரிச்சா."

லவீனா தன் கோட்டிலிருந்த வில்லையைக் குனிந்து பார்த்தாள்.

"அப்போ... நான்தான் விடமாட்டேன்னு சொன்னேனே! அதையே சாக்கா வச்சு, பேசாம வீட்டுக்குப் போயிருக்கலாமே?"

ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார்.

"போயிருக்கலாம். எழுந்து நிக்க முடியாதவளை ஏமாத்தி ஜெயிச்சா, அந்த பீர் எனக்குத் தொண்டையில இறங்குமாம்மா?"