எதிர்ப்பக்கம்

முழங்கால் ஜவ்வு அறுந்து ஒரு வருடம் படுக்கையில் கிடந்த தவசிக்கனி, கால் தேறியதும் ஆளில்லாத கபடித் திடலுக்கு மாலைதோறும் போகத் தொடங்கினான். கால் சொன்னபடி கேட்டது. மூச்சுதான் கேட்கவில்லை. நடுக்கோட்டைத் தாண்டிக் கபடி பாடிப் போனால் நாலடியில் பாட்டு அறுந்துவிடும். எதிரே பிடிப்பதற்கு யாருமில்லாவிட்டாலும் ஆட்டம் ஆட்டம்தான். மூச்சு விட்டவன் அவுட். வெளியே போய்ப் புழுதியில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்கமாட்டான்.

அன்று மனைவி செல்வமலர் தேடிக்கொண்டு வந்தாள்.

"எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

"நான் அவுட்டு. நம்ம பக்கத்து ஆளு யாராவது போய்த் தொட்டுட்டு வந்தாத்தான் எந்திரிக்க முடியும்."

அவனை முறைத்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கபடி, கபடி" என்று கோட்டைத் தாண்டிப் போனாள். எதிர்மூலையில் நட்டிருந்த கொடிக்கம்பைத் தொட்டும்விட்டாள். ஆனால் ஒரு வருடமாக அவனைத் தூக்கி நிறுத்திக் குளிப்பாட்டிய உடம்பு அது. திரும்பும்போது, கோட்டுக்கு ஓரடி இருக்கையில் பாட்டு அறுந்தது. முழங்காலில் கையூன்றி வெகுநேரம் குனிந்தே நின்றாள்.

அப்புறம் மெல்ல நடந்து அவனிடம் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."