பச்சைக் கொடி வகுப்பு

“மீட்டர்ல கை வச்சிருக்காங்க சார். இல்லேன்னா இது நடக்கவே நடக்காது.”

தலைமையாசிரியர் அறையில் கணக்கு டீச்சர் குரலை இறக்கவே இல்லை. ஏழாம் வகுப்பு டீச்சர் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.

பசுமைப் பள்ளித் திட்டம் வந்த பிறகு வகுப்புக்கு ஒரு கழிப்பறை, கழிப்பறைக்கு ஒரு தண்ணீர் மீட்டர். குறைவாகச் செலவழிக்கும் வகுப்பின் வாசலில் பச்சைக் கொடி பறக்கும். வருடம் தொடங்கியதிலிருந்து அது ஏழாம் வகுப்பு வாசலை விட்டு நகரவில்லை.

“என் பிள்ளைங்க சிக்கனமா இருக்காங்க. அது உங்களுக்கு உறுத்துதா?”

“கொஞ்சம் குறைஞ்சா சிக்கனம். மீட்டர் அசையவே இல்லேன்னா? உங்க கிளாஸ்ல பிள்ளைங்க படிக்குதா, கள்ளிச்செடி வளருதா?”

தலைமையாசிரியர் நெளிந்தார். பசுமைப் பள்ளி விருதுக்காகப் பார்வையிட வந்த அம்மையார் எதிரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிளம்பர் பார்த்துட்டார். மீட்டர் சரியாத்தான் ஓடுது” என்றார் தலைமையாசிரியர்.

“அப்போ பிள்ளைங்களைக் கீழ் மாடியில எங்க கிளாஸ் பாத்ரூமுக்கு அனுப்பறாங்க. எங்களுக்கு மீட்டர் ஏறணும், இவங்களுக்குக் கொடி ஏறணும்!”

ஏழாம் வகுப்பு டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது.

“அப்படி நான் சொல்லிக் கொடுத்திருந்தா இன்னைக்கே வேலையை விட்டுடறேன் சார். வாங்க, பிள்ளைங்களையே கேளுங்க.”

நால்வரும் மாடி ஏறினார்கள். வகுப்பு சட்டென்று எழுந்து நின்றது.

“யாராவது கீழ் மாடி பாத்ரூமுக்குப் போறீங்களா?” தலைமையாசிரியர் அதட்டினார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“முழியைப் பாருங்க சார். திருட்டு முழி” என்றார் கணக்கு டீச்சர்.

ஏழாம் வகுப்பு டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “உண்மையைச் சொல்லுங்க கண்ணுகளா. மிஸ் திட்ட மாட்டேன்.”

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டீச்சர் வேலை போனது போலத்தான்.

அம்மையார் முன்னால் வந்தார். “யாரையும் தண்டிக்க மாட்டோம்மா. இவ்வளவு தண்ணியை எப்படி மிச்சம் பிடிக்கறீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

முதல் பெஞ்சிலிருந்த வகுப்புத் தலைவி, உலர்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள்.

“நாங்க ஏமாத்தல மேடம், சத்தியமா. கீழ் மாடிக்கும் போறதில்ல. கொடி வேற கிளாஸுக்குப் போயிட்டா எங்க மிஸ் முகம் வாடிடும். தண்ணி குடிச்சாத்தானே பாத்ரூம் போகணும்? அதான், ஸ்கூல் விடற வரைக்கும் நாங்க யாருமே தண்ணி குடிக்கறதில்ல.”